ஆன் ஆகாத கணினி: அறிகுறியிலிருந்து பழுதைத் தேடும் வழிமுறை

திருநகரிலும் அவனியாபுரத்திலும் உள்ள உறவினர் வீடுகளிலிருந்தும், மேலூர், உசிலம்பட்டிப் பக்கத்து ஊர்களிலிருந்தும் எனக்கு வரும் அழைப்புகளில் பெரும்பாலானவை "அண்ணே, கம்ப்யூட்டர் ஆன் ஆக மாட்டேங்குது" என்று தொடங்கி, "ஃபார்மட் அடிக்கணுமா?" என்ற கேள்வியில் வந்து நிற்கின்றன. அந்த முடிவுக்குப் போவதற்கு முன் அறிந்துகொள்ள வேண்டியவை மூன்று: பெட்டியில் (பலரும் சிபியு என்று சொல்வது இதைத்தான்) விளக்கு எரிகிறதா, விசிறி சுழல்கிறதா, திரையில் ஏதாவது எழுத்து வருகிறதா? விளக்கே எரியாத கணினிக்கு ஃபார்மட் (டிஸ்க்கை அழித்து விண்டோஸை மறுபடி நிறுவுவது) எந்தப் பயனும் தராது. திரையில் எழுத்து வரும் கணினிக்குப் புது மதர்போர்டு (எல்லாப் பாகங்களும் வந்து இணையும் பெரிய பலகை) தேவைப்படுவது அரிது. கீழுள்ள தலைப்புகளில் உங்கள் கணினிக்குப் பொருந்துவதை மட்டும் எடுத்துக்கொண்டு, அதில் சொல்லியுள்ள வரிசையை மாற்றாமல் செய்துபாருங்கள். செலவில்லாத சோதனைகள் முதலிலும் செலவு மிகுந்தவை கடைசியிலும் வருகின்றன.

கை வைப்பதற்கு முன்

பெட்டியைத் திறப்பதற்கு முன் சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, பிளக்கையே பிடுங்கிவிட வேண்டும். பவர் பொத்தானை அழுத்தாத நிலையிலும் மதர்போர்டுக்கு 5 வோல்ட் மின்சாரம் போய்க்கொண்டுதான் இருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பின் பவர் பொத்தானை அரை நிமிடம் அழுத்திப் பிடித்தால் உள்ளே எஞ்சிய மின்சாரம் வடிந்துவிடும். இதை மட்டும் செய்து, மறுபடி பிளக்கை மாட்டியதும் எழுந்துகொண்ட கணினிகள் உண்டு என்பதால், இதையே முதல் சோதனையாகவும் கொள்ளலாம். உள்ளே உள்ள எதையும் தொடுவதற்கு முன் பெட்டியின் பெயின்ட் பூசாத உலோகப் பகுதியைத் தொட்டுக்கொள்ளுங்கள்; ஒயர்களைக் கழற்றுவதற்கு முன் கைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றத்தைச் செய்து, ஆன் செய்து பார்த்துவிட்டு, அதன் பிறகே அடுத்ததற்குப் போக வேண்டும். வீட்டு மின்சாரத்தைக் கணினிக்கு ஏற்றபடி மாற்றித் தரும் எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் எக்காரணம் கொண்டும் திறக்காதீர்கள். அதிலுள்ள பெரிய கெப்பாசிட்டர்களில், பிளக்கைப் பிடுங்கிய பிறகும், 300 வோல்ட்டுக்கு மேற்பட்ட மின்னழுத்தம் தங்கியிருக்கக்கூடும்.

அறிகுறி 1: பொத்தானை அழுத்தினால் விளக்கும் இல்லை, சத்தமும் இல்லை

இதற்குக் காரணம் பாதிக்கு மேல் கணினிக்கு வெளியில்தான் இருக்கும். சுவரிலுள்ள பிளக் பாயின்ட்டில் கரண்ட் வருகிறதா என்று பார்க்கக் கைபேசி சார்ஜரைச் செருகிப் பார்ப்பது பலரின் வழக்கம்; அது சரியான சோதனை அன்று. பெரும்பாலான சார்ஜர்கள் 100 வோல்ட்டிலேயே வேலை செய்யும்படி அமைந்தவை. 230 வோல்ட்டை எதிர்பார்த்துச் செய்யப்பட்ட பழைய எஸ்எம்பிஎஸ் அப்படி அன்று. ஒரு மேசை விசிறியைச் செருகி, அது வழக்கமான வேகத்தில் சுற்றுகிறதா என்று பாருங்கள். கிணற்று மோட்டார்களும் போர்வெல் மோட்டார்களும் ஒரே நேரத்தில் ஓடும் ஊர்களில் காலையில் ஆன் ஆகும் கணினி மாலையில் ஆகாமல் போவதற்கு லோ வோல்டேஜே காரணமாக இருப்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன். அதற்கு ஸ்டெபிலைசரோ நல்ல யுபிஎஸ்ஸோதான் தீர்வு. கணினியைத் திறந்து பார்ப்பதில் பயனில்லை.

அடுத்து யுபிஎஸ்ஸையும் ஜங்ஷன் பாக்ஸையும் இடையிலிருந்து நீக்கிவிட்டு, கணினியின் ஒயரை நேரடியாகச் சுவர் பாயின்ட்டில் செருகுங்கள். வீட்டு யுபிஎஸ்களில் பெரும்பாலும் இருப்பது 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரி. அது இரண்டு மூன்று ஆண்டுகளில் தளர்ந்துவிடும். பேட்டரி முற்றிலும் செத்துவிட்டால் பல யுபிஎஸ்கள் மெயின் கரண்ட் இருந்தாலும் ஆன் ஆக மறுக்கும். மாதாந்திரப் பராமரிப்புக்காகப் பகல் முழுவதும் மின்சாரம் நிறுத்தப்பட்ட நாளில் யுபிஎஸ்ஸை அணைக்காமல் விட்டுவிட்டு, மறுநாள் "சிபியு போயிருச்சு" என்று அழைப்பவர்கள் மாதம் ஒருவராவது இருப்பார்கள்.

நேரடியாகச் செருகியும் அசைவில்லை என்றால் பவர் கேபிளை மாற்றிப் பாருங்கள். பெரும்பாலான மானிட்டர்களுக்கும் சிபியுவுக்கும் ஒரே வகை மூன்று பின் கேபிள்தான் என்பதால் இதற்குப் புதிது வாங்கத் தேவையில்லை. எஸ்எம்பிஎஸ்ஸின் பின்புறத்தில் உள்ள சிறிய சுவிட்ச் கோடு போட்ட பக்கம் அழுந்தியிருக்கிறதா என்பதையும் பாருங்கள். வீடு பெருக்கும்போது துடைப்பக் கட்டை பட்டு அது அணைந்துபோவது உண்டு.

இதன் பிறகுதான் பெட்டியைத் திறக்க வேண்டும். பிளக்கைச் செருகியதும் மதர்போர்டின் மேல் ஒரு சிறு விளக்கு எரிகிறதா, அல்லது மவுஸின் அடியில் சிவப்பு ஒளி தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் எஸ்எம்பிஎஸ் முழுவதும் சாகவில்லை. சந்தேகம் பவர் பொத்தானின் மேல் விழ வேண்டும். முன்பக்கத்திலிருந்து மதர்போர்டுக்கு வரும் மெல்லிய ஒயர்களில் 'பவர் சுவிட்ச்' என்று குறிக்கப்பட்டதைக் கழற்றிவிட்டு, அந்த இரண்டு பின்களில் 'ரீசெட்' ஒயரை மாட்டுங்கள். இப்போது ரீசெட் பொத்தானை அழுத்தினால் கணினி ஆன் ஆகிறது என்றால், செலவு எதுவுமின்றி வேலை முடிந்தது. ரீசெட் பொத்தானையே பவர் பொத்தானாக வைத்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் ஓட்டலாம்.

விளக்கு எதுவும் எரியவில்லை என்றால் எஸ்எம்பிஎஸ்ஸைத் தனியாகச் சோதிக்கலாம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மதர்போர்டிலிருந்து 24 பின் கனெக்டரையும் மற்ற எல்லாக் கனெக்டர்களையும் கழற்றி, 24 பின்னில் உள்ள ஒரே பச்சை ஒயரின் துளையையும் அதன் அருகிலுள்ள ஒரு கறுப்பு ஒயரின் துளையையும் வளைத்த ஜெம் கிளிப்பால் இணைத்துவிட்டு, கையை எடுத்த பின் பிளக்கைச் செருகி ஆன் செய்யுங்கள். விசிறி அசையவே இல்லை என்றால் எஸ்எம்பிஎஸ் போய்விட்டது என்று பெரும்பாலும் கொள்ளலாம். சுழன்றாலும் முழு நற்சான்று கொடுத்துவிட முடியாது; சுமை ஏறும்போது படுத்துவிடும் எஸ்எம்பிஎஸ்கள் நிறைய. மல்டிமீட்டர் இருந்தால் மஞ்சள் ஒயரில் 11.4 முதல் 12.6 வோல்ட், சிவப்பில் 4.75 முதல் 5.25 வோல்ட் இருக்கிறதா என்று பாருங்கள். எல்லா ஒயர்களும் கறுப்பாக உள்ள புது வகை எஸ்எம்பிஎஸ் என்றால் இந்தச் சோதனையைக் கடைக்காரரிடமே விட்டுவிடுங்கள்.

எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றியும் அசைவு இல்லாவிட்டால்தான் மதர்போர்டு. சித்திரை, வைகாசியில் இடி இடித்த மறுநாளும் ஐப்பசி மழைக் காலத்திலும் இந்தப் பழுது கூடுதலாக வரும். கரண்ட் ஒயர் வழியாக மட்டுமன்றி, வெளியிலிருந்து வரும் இணையக் கேபிள் வழியாகவும் மின்னலின் தாக்கம் உள்ளே வரும் என்பதால், இடிக்கும்போது இரண்டையும் பிடுங்கி வைக்க வேண்டும். இந்தக் கட்டத்தில் மெக்கானிக்கை அழைத்துவிடலாம்.

இதன் கிளை: பெட்டியைத் தொட்டால் கை சுள்ளென்கிறது

கேபினெட்டைத் தொடும்போது மெல்லிய ஷாக் அடித்தாலோ, டெஸ்டரை வைத்தால் மங்கலாக எரிந்தாலோ, பெரும்பாலும் வீட்டில் எர்த் சரியில்லை என்று பொருள். எஸ்எம்பிஎஸ்ஸின் உள்ளே உள்ள வடிகட்டி அமைப்பு எர்த் இருப்பதாக நம்பியே செய்யப்பட்டது. எர்த் இல்லாதபோது சப்ளை மின்னழுத்தத்தில் ஏறத்தாழப் பாதி உலோகப் பெட்டியில் வந்து நிற்கும். பங்குனி, சித்திரையில் எர்த் குழி காய்ந்துவிடும் வீடுகளில் குழியில் நாலு குடம் தண்ணீர் ஊற்றினாலே ஷாக் நின்றுவிடுவதும் உண்டு. அப்படி நின்றாலும், இரண்டு பின் அடாப்டரைப் போட்டு எர்த்தைத் துண்டித்து ஓட்டும் பழக்கத்தை விட்டுவிட்டு, எலக்ட்ரீஷியனை வரவழைத்து எர்த்தைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். இது கணினி மெக்கானிக்கின் வேலை அன்று. டெஸ்டர் பளிச்சென்று எரிந்தால் கணினியைத் தொடவே வேண்டாம். மெயினை அணைத்துவிட்டு அழையுங்கள்.

அறிகுறி 2: சுழலத் தொடங்கி உடனே நின்றுவிடுகிறது

ஒரு நொடி சுழன்று நிற்பதும், தானாகவே திரும்பத் திரும்ப ஆன் ஆகி அணைவதும் ஒரே வகை. முதலில் பின்புறத்திலும் முன்புறத்திலும் செருகியுள்ள பிரிண்டர், பென் டிரைவ், கேமரா எல்லாவற்றையும் பிடுங்குங்கள். பிறகு முன்பக்க யுஎஸ்பி துளைகளுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். பிள்ளைகள் பென் டிரைவைத் தலைகீழாகத் திணித்ததில் உள்ளிருக்கும் தகடு வளைந்து ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தால், எஸ்எம்பிஎஸ் தன்னைக் காத்துக்கொள்ள உடனே அணைந்துவிடும். முன்பக்க யுஎஸ்பியின் ஒயரை மதர்போர்டிலிருந்து கழற்றிவிட்டால் கணினி ஓடிவிடும். பவர் பொத்தான் அழுக்கேறி உள்ளேயே சிக்கிக்கொண்டாலும் நாலைந்து நொடியில் அணையும். பிராசசருக்கு (மதர்போர்டில் விசிறியின் அடியில் உள்ள முதன்மைச் சில்லு) அருகிலுள்ள 4 அல்லது 8 பின் கனெக்டர் தளர்ந்திருக்கிறதா என்பதையும் அழுத்திப் பாருங்கள்.

சில நிமிடம் ஓடிவிட்டு அணைந்தால் வெப்பமே முதல் சந்தேகம். கோடையில் 40 டிகிரியைத் தொடும் மதுரையில், சுவரோடு ஒட்டிய மேசை அடுக்கில் வைத்த சிபியு மூச்சு விட வழியே இல்லை. பிராசசர் விசிறியின் அடியிலுள்ள அலுமினியத் தகடுகளுக்கு இடையில் தூசி கம்பளிபோலப் படிந்திருக்கும். பழைய பெயின்ட் பிரஷ்ஷால் மெல்ல எடுங்கள். விசிறியைப் பிடித்துள்ள நான்கு பிளாஸ்டிக் முளைகளில் ஒன்று கழன்றிருந்தாலும் தகடு பிராசசரின் மேல் சரியாக உட்காராது. தகட்டையே கழற்ற நேர்ந்தால் பழைய பேஸ்டைத் துடைத்துவிட்டுப் புதுத் தெர்மல் பேஸ்டைப் பட்டாணி அளவு வைத்துத்தான் மாட்ட வேண்டும். வீட்டில் பேஸ்ட் இல்லையென்றால் கழற்றாதீர்கள்.

அறிகுறி 3: விசிறி சுழல்கிறது, ஆனால் டிஸ்ப்ளே வரவில்லை

நான் பார்த்தவற்றில் மிகுதியாக வரும் பழுதும், மிகுதியாகத் தவறான பெயர் சூட்டப்படும் பழுதும் இதுதான். இதற்கு "போர்டு போயிருச்சு" என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லும் மெக்கானிக்கிடம் கணினியைக் கொடுக்க வேண்டாம் என்பது என் கருத்து.

முதல் சோதனைக்கு எந்தக் கருவியும் வேண்டாம். கணினியை ஆன் செய்து ஒரு நிமிடம் பொறுத்து, கீபோர்டில் கேப்ஸ் லாக்கையோ நம் லாக்கையோ (Num Lock) தட்டுங்கள். விளக்கு எரிந்து அணைந்தால் கணினி உள்ளே ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. பழுது பெரும்பாலும் மானிட்டரிலோ அதற்குப் போகும் கேபிளிலோ இருக்கிறது. மானிட்டர் 'நோ சிக்னல்' என்று சொன்னால் அதன் மெனுவில் எச்டிஎம்ஐ, விஜிஏ என்பவற்றில் சரியானதைத் தேர்ந்தெடுத்திருக்கிறதா என்று பாருங்கள். தனி கிராஃபிக்ஸ் கார்டு (படத்தைத் திரைக்கு அனுப்பும் அட்டை) உள்ள கணினியில் கேபிளை மதர்போர்டின் துளையில் மாட்டிவிட்டுத் தேடுபவர்களும் உண்டு. வீடு மாறிய மறுநாள் வரும் அழைப்பு பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும். முடிந்தால் கணினியை வீட்டு டிவியில் எச்டிஎம்ஐ கேபிளால் இணைத்துப் பாருங்கள்.

கீபோர்டு விளக்கு அசையாவிட்டால் ராமுக்கு (மதர்போர்டில் செருகியுள்ள நீளமான நினைவகப் பட்டை) போங்கள். பிளக்கைப் பிடுங்கி, பெட்டியைப் படுக்க வைத்து, ராமின் ஓரங்களில் உள்ள கொக்கிகளை வெளிப்பக்கம் தள்ளினால் அது மேலே எழும். அடிவிளிம்பில் வரிசையாக உள்ள தங்க நிறத் தகடுகளைச் சாய்த்து வெளிச்சத்தில் பாருங்கள்: பளபளப்புக்குப் பதிலாகப் பழுப்பு நிறத்தில் ஒரு மங்கல் படிந்திருந்தால் அதுதான் பெரும்பாலும் குற்றவாளி. பள்ளிப் பிள்ளைகளின் வெள்ளை ரப்பரால், மணல் கலந்த மை அழிக்கும் ரப்பரால் அன்று, மேலிருந்து கீழ்நோக்கி ஒரே திசையில் மென்மையாகத் தேய்த்து, துகள்களை உலர்ந்த பருத்தித் துணியால் துடைத்துவிடுங்கள். ராம் உட்காரும் பள்ளத்தைப் பிரஷ்ஷால் சுத்தம் செய்யுங்கள்; வாயால் ஊதினால் எச்சில் ஈரம் போய்ப் படியும். திரும்ப மாட்டும்போது இரண்டு கொக்கிகளும் 'டக்' என்று தாமாகப் பூட்டிக்கொள்ளும்வரை அழுத்த வேண்டும். பாதி உட்கார்ந்த ராம், அழுக்குப் பிடித்த ராமைவிட மோசம். இரண்டு ராம்கள் இருந்தால் ஒன்றை மட்டும் வைத்துப் பாருங்கள், பிறகு மற்றதை, பிறகு அடுத்த பள்ளத்தில்.

பெட்டி திறந்திருக்கும்போதே உள்ளே யார் குடியிருக்கிறார்கள் என்பதையும் பார்த்துவிடுங்கள். பின்புறத்தில் மூடித் தகடு இல்லாத நீளத் துளைகள் வழியாகப் பல்லியும் எறும்பும் தாராளமாக வந்துபோகும். கிராஃபிக்ஸ் கார்டின் அடியில் இரண்டு பல்லி முட்டைகளும், ராம் பள்ளத்தில் எறும்புகள் கொண்டுவந்து சேர்த்த மண்ணுமாக ஒரு சிபியு மேலூர்ப் பக்கத்திலிருந்து வந்தது. மண்ணை எடுத்து ராமைத் துடைத்ததோடு அது இயங்கியது. துளைகளைத் தகடு போட்டு மூடுவது ரசகற்பூரம் வைப்பதைவிட நல்லது.

ஆன் செய்ததும் 'பீப்' சத்தம் வந்தால் அதைக் கவனியுங்கள். விட்டுவிட்டுத் தொடர்ந்து ஒலித்தால் பெரும்பாலும் ராம்; ஒரு நீண்ட ஒலியும் அடுத்து இரண்டு மூன்று குறுகிய ஒலியும் என்றால் பெரும்பாலும் கிராஃபிக்ஸ். பலகைக்குப் பலகை இது மாறும் என்பதால் மதர்போர்டின் கையேட்டில் உறுதிசெய்துகொள்ளுங்கள். பீப் ஒலிக்கும் சிறு ஸ்பீக்கரே இல்லாத பெட்டிகளும் இப்போது பல.

ராமால் பலன் இல்லை என்றால் பயாஸின் (ஆன் செய்ததும் முதலில் ஓடும் அடிப்படை மென்பொருளின்) அமைப்பை அழித்துப் பார்க்கலாம். பிளக்கைப் பிடுங்கி, மதர்போர்டில் எட்டணா அளவில் பளபளக்கும் சிஆர் 2032 பேட்டரியைக் கழற்றி, ஐந்து நிமிடம் கழித்து மாட்டுங்கள். பிறகு ஹார்ட் டிஸ்க் முதலியவற்றைக் கழற்றிவிட்டு, பிராசசரிலேயே டிஸ்ப்ளே வசதி இருந்தால் கிராஃபிக்ஸ் கார்டையும் கழற்றி மானிட்டர் கேபிளை மதர்போர்டில் மாட்டி, ஒரே ஒரு ராமோடு மட்டும் ஆன் செய்யுங்கள். இதிலும் டிஸ்ப்ளே வராமல், பலகையில் உருளை வடிவக் கெப்பாசிட்டர்களின் தலை உப்பியோ கசிந்தோ இருந்தால் கடைக்குப் போகும் நேரம் வந்துவிட்டது. ஓடும் என்று உறுதியாகத் தெரிந்த வேறு ராமைப் போட்டுக் காட்டச் சொல்லிவிட்டு, அதன் பிறகே பலகைக்கு விலை பேசுங்கள்.

அறிகுறி 4: திரையில் எழுத்து வருகிறது, விண்டோஸ் வரவில்லை

தேதி தவறாக இருக்கிறது, 'எஃப்1 அழுத்தவும்' என்று கேட்கிறது

பயாஸ் பேட்டரி தீர்ந்துவிட்டது. புதிய சிஆர் 2032 பேட்டரி கடிகாரக் கடையிலும் கிடைக்கும்; டவுன்ஹால் ரோடு வரை போக வேண்டியதில்லை. இதில் ஒரு சூழ்ச்சி ஒளிந்திருக்கிறது. பேட்டரி தீரும்போது பயாஸ் தன் தொடக்க அமைப்புக்குத் திரும்பிவிடுவதால், ஹார்ட் டிஸ்க்கைப் படிக்கும் முறை ஏஎச்சிஐயிலிருந்து ஐடிஇக்கோ ரெய்டுக்கோ மாறிவிடலாம். உடனே நீலத்திரையில் 'இன்அக்சஸிபிள் பூட் டிவைஸ்' என்று வரும். பயாஸில் அந்த ஒரு வரியைப் பழையபடி மாற்றினால் சரியாகும் கணினிக்கு, ஃபார்மட் அடித்துக் கல்யாண ஆல்பத்தையே இழந்த குடும்பங்கள் உண்டு. அறிகுறி 3இல் பேட்டரியைக் கழற்றியவர்களும் இதை நினைவில் வைக்க வேண்டும்.

'பூட் டிவைஸ் (விண்டோஸைத் தொடங்க வேண்டிய டிஸ்க்) இல்லை' என்கிறது

பென் டிரைவ் ஏதேனும் செருகியிருந்தால் எடுத்துவிடுங்கள். பயாஸுக்குள் போய் ஹார்ட் டிஸ்க்கின் பெயர் பட்டியலில் தெரிகிறதா என்று பாருங்கள். பெரும்பாலான கணினிகளில் ஆன் செய்ததும் டெலீட் அல்லது எஃப்2 விசை அங்கே கொண்டுபோகும். பெயர் தெரிந்தால் பூட் வரிசையை மாற்றினால் போதும். தெரியாவிட்டால் ஹார்ட் டிஸ்க்கை மதர்போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிளின் இரு முனைகளையும் கழற்றி மாட்டுங்கள், கேபிளை மாற்றுங்கள், மதர்போர்டில் வேறு துளையில் செருகுங்கள். ஹார்ட் டிஸ்க்கிலிருந்து 'டிக், டிக்' என்று சீரான சத்தம் வந்தால் மட்டும் எல்லாச் சோதனைகளையும் அந்த நொடியே நிறுத்துங்கள். ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் உள்ளிருக்கும் தட்டு மேலும் கீறப்படலாம். அதிலுள்ள கோப்புகள் வேண்டும் என்றால், சாதாரண சர்வீஸ் கடையைவிட டேட்டா ரிகவரியை மட்டுமே செய்பவர்களிடம் கொடுப்பது நல்லது. செலவு பல ஆயிரங்களைத் தாண்டும் என்பதை முதலிலேயே மனத்தில் கொள்ளுங்கள்.

சின்னம் வந்து சுற்றிக்கொண்டே இருக்கிறது, அல்லது நீலத்திரை வருகிறது

விண்டோஸ் அப்டேட் ஓடிக்கொண்டிருந்தால் முதலில் ஒரு மணி நேரமாவது பொறுங்கள். அசைவே இல்லை என்றால், விண்டோஸ் சின்னம் தோன்றும்போது பவர் பொத்தானை அழுத்திப் பிடித்து அணைப்பதை இரண்டு மூன்று முறை செய்தால், பழுதுநீக்கும் திரை தானாக வரும். அதில் ட்ரபிள்ஷூட், அடுத்து அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் என்று போய், ஸ்டார்ட்அப் ரிப்பேர், அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ், சிஸ்டம் ரீஸ்டோர் என்ற வரிசையில் முயலுங்கள். சேஃப் மோடில் (அடிப்படையானவற்றை மட்டும் வைத்து விண்டோஸ் ஓடும் நிலை) மட்டும் ஓடுகிறது என்றால் கடைசியாக நிறுவிய டிரைவரையோ ஆன்டிவைரஸையோ நீக்கிப் பாருங்கள்.

இவற்றில் எதுவும் பலிக்காவிட்டால், மறுபடி நிறுவுவதற்கு முன் கோப்புகளை வெளியே எடுத்துவிட வேண்டும். வேறொரு கணினியில் 8 ஜிபி பென் டிரைவில், விண்டோஸுக்குப் பதிலாக ஓடக்கூடிய லினக்ஸ் மின்ட் அல்லது உபுண்டுவை ஏற்றி, அதிலிருந்தே கணினியைத் தொடங்கினால், ஹார்ட் டிஸ்க்கில் எதையும் மாற்றாமல் படங்களையும் ஆவணங்களையும் வேறு டிஸ்க்குக்கு நகலெடுக்கலாம். ஹார்ட் டிஸ்க் விண்டோஸின் பிட்லாக்கர் வசதியால் பூட்டப்பட்டிருந்தால் 48 இலக்க மீட்பு எண் தேவைப்படும். பெரும்பாலும் அது உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும், கைபேசியிலிருந்தே பார்க்கலாம். அந்த எண் கிடைக்காமல் யாரையும் பயாஸைத் தொட விடாதீர்கள்.

விண்டோஸ் 10க்கான மைக்ரோசாஃப்ட்டின் பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியைக் கேட்கிறது. அது இல்லாத பழைய கணினிக்கு, ஒரு முறை பென் டிரைவில் ஓட்டிப் பார்த்த லினக்ஸ் மின்ட்டையே நிறுவிவிடலாம் என்பது என் பரிந்துரை. கடிதம் தட்டச்சு செய்யவும் இணையம் பார்க்கவும் அது தாராளமாகப் போதும்.

மடிக்கணினியாக இருந்தால்

சார்ஜரைக் கழற்றி, பேட்டரி கழற்றக்கூடியதாக இருந்தால் அதையும் எடுத்துவிட்டு, பவர் பொத்தானை அரை நிமிடம் அழுத்திப் பிடித்த பின் சார்ஜரை மட்டும் மாட்டி ஆன் செய்யுங்கள். இருட்டறையில் திரையின் மேல் டார்ச்சைச் சாய்த்து அடித்தால் மங்கலாகப் படம் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் திரையின் பின்னொளி மட்டுமே பழுது. டச்பேடு மேலே எழும்பியிருந்தாலோ அடிப்பாகம் உப்பியிருந்தாலோ பேட்டரி வீங்கியிருக்கிறது. சார்ஜ் போடாமல், குத்தாமல், நேரே கடைக்கு எடுத்துச் செல்லுங்கள்.

கடையில் கொடுக்கும்போது

"ஆன் ஆகல" என்று மட்டும் சொல்லாமல், எந்த அறிகுறி, எதையெல்லாம் மாற்றிப் பார்த்தீர்கள் என்பதை ஒரு தாளில் எழுதிப் பெட்டியின் மேல் ஒட்டிக் கொடுங்கள். மெக்கானிக்கின் நேரமும் உங்கள் பணமும் மிஞ்சும். அறிகுறி 1, 2, 3 என்றால் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம், அந்தப் பழுதுகளுக்கு அது தேவைப்படாது. அறிகுறி 4 என்றால் "கேட்காம ஃபார்மட் பண்ணாதீங்கண்ணே" என்று வாயால் சொல்வதோடு ரசீதிலும் எழுதச் சொல்லுங்கள். ராம், ஹார்ட் டிஸ்க் ஆகியவற்றின் மேல் ஒட்டியுள்ள வரிசை எண்ணைப் படமெடுத்து வைத்துக்கொண்டு, எந்தப் பாகத்தை மாற்றினாலும் பழையதைத் திருப்பிக் கேட்டு வாங்குங்கள். பணத்தைக் கொடுப்பதற்கு முன் கடையிலேயே இரண்டு முறை அணைத்து ஆன் செய்யச் சொல்லிப் பாருங்கள்.